தந்தி வந்ததா என்று கேட்டவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு மாசி மாதம், பலெர்மோவில் நடந்தது இது. லிபெர்த்தா பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரை நான், மேடம் என்பது போல, சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். அந்தப் பெரிய வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். காலையில் நான் போனால் மூன்று பேர்.

என்னுடைய இத்தாலியன் அப்போது வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் மேலே போகாது. இருந்தும் என்னை வைத்துக்கொண்டதற்குக் காரணம் என் ஆங்கிலம். மன்னாரில் கன்னியாஸ்திரிகள் அடித்து அடித்துப் படிப்பித்த ஆங்கிலம் அது. முதியவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. எழுபது வருடமாகப் பேசிய இத்தாலியன் பெரும்பாலும் போய்விட, சின்ன வயதில் அமெரிக்காவில் பேசிய ஆங்கிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. மகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. பெற்ற அப்பா தண்ணீர் கேட்கிறாரா, போர்வை கேட்கிறாரா என்று தெரிந்துகொள்ளவே சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பொய் சொல்லவா?

சிஞ்ஞோரா நல்ல மனுஷி. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தாள் கைக்கு வந்தால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது எங்கள் ஆட்கள் பேப்பர் என்று சொல்லும், இங்கே இருப்பதற்கான அனுமதி, எனக்குக் கிடைக்கும். ஆகவே அந்த முதியவர் நலமாக இருப்பதும் நான் அந்த நாட்டில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான்.

பலெர்மோவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே படுத்துவிடும். மரக்கதவுகளைப் பாதி சாத்தினால் அறைக்குள் மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாக விழும். சிஞ்ஞோரா தன் அறைக்குப் போய்விடுவார். முதியவர் மட்டும் தூங்கமாட்டார். வாசல் கதவைப் பார்த்தபடி போட்ட சாய்வு நாற்காலியில், மடியில் கம்பளியோடு, கையில் ஒரு மண்டரின் தோடம்பழத்தோடு இருப்பார். ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து மாசியில் வரும், பருவம் பிந்திய சின்ன ஆரஞ்சு அது. அதைச் சாப்பிடமாட்டார். இரண்டு விரலை மேலேயும் பெருவிரலை அடியிலும் வைத்து, மெதுவாக உருட்டி உருட்டிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு கதை தொடங்கும்.

இளம் வயதில் அவர் பந்து எறிந்து சம்பளம் வாங்கியவர். பேஸ்போல் என்று அமெரிக்காவில் ஒரு விளையாட்டு. எங்கள் கிரிக்கெட் மாதிரித்தான், ஆனால் பந்து போடுகிறவர் ஓடி வரமாட்டார். சின்ன மண்மேட்டில் நின்றபடி முழங்கையை மடக்கி எறிவார். அவர் ஐந்து வயதில் தகப்பனோடு கப்பலேறிப் போய், அமெரிக்காவின் தென்கரைத் துறைமுகம் ஒன்றில் வளர்ந்தாராம். வாழைக்குலை இறக்கும் கப்பல் துறையில் அழுகின காய்களைத் தூணுக்கு எறிந்து பழகின கையாம். பதினெட்டு வயதில் ஒரு சின்னப் பட்டினத்து அணி அவரைக் கூலிக்கு எடுத்தது. அவருடைய சிசிலியக் குடும்பப் பெயர் யாருடைய வாயிலும் நுழையாததால், அணிக்காரர் தாங்களாகவே ஒரு சின்னப் பெயரை வைத்துவிட்டார்களாம்.

ஐந்து கோடைகாலம் விளையாடினார். கோடை வெயிலில் கம்பளிச் சட்டை. இரவெல்லாம் ரயில். சன்னலைத் திறந்தால் கரி, மூடினால் புழுக்கம். விடிந்து இறங்கினால் பெயர் தெரியாத ஊர், மரப்பலகை இருக்கைகள், புல்லில்லாத மைதானம். எல்லா ஊரும் ஒன்று போலவே இருக்குமாம், தண்ணீர் மட்டும் வேறு வேறு ருசியாம். அவர் எறிகிற ஒரு பந்து மட்டையை நோக்கி நேராகப் போய், கடைசி நொடியில் படி தவறினது போல விழுந்துவிடுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் கையிலிருக்கும் பழத்தை லேசாகத் திருப்பிக் காட்டுவார். அந்த அரை இருட்டில் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் கண் செருகும். சில நாள் கதையில் வந்த ரயில் எது, நான் மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் எது என்று பிரிக்கத் தெரியாமல் குழம்பிப்போய் இருந்திருக்கிறேன்.

கதை எங்கே போனாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். வாசலைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். "தந்தி வந்ததா?" என்று கேட்பார்.

என்ன தந்தி என்று முதலிலேயே விசாரித்துவிட்டேன். பெரிய நகரத்தின் பெரிய அணி ஆள் தேவைப்பட்டால் சின்ன அணியில் இருப்பவனுக்குத் தந்தி அடித்துக் கூப்பிடுமாம். எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுப்பார்களாம். அந்தத் தந்தி வராமல்தான் தன் அப்பா சிசிலிக்குத் திரும்பி வந்தார் என்று சிஞ்ஞோராவும் சொன்னார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே சாகும்வரை அவரைக் குத்திக் காட்டினாராம். பாவம், மனுஷன் எழுபது வருடமாக வராத தந்திக்குக் காத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

"இன்னும் வரவில்லை" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். அவர் பெரிய மூச்சு ஒன்று விட்டு, தலையை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடுவார். அந்தப் பெருமூச்சு எனக்குத் தாங்காது.

எங்கள் ஊரில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். தந்திக்காரன் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினால் பிரித்துப் படிக்கமுன்னமே பெண்கள் தலையில் அடித்துக்கொள்ளுவார்கள். அதனால் நல்ல செய்தி சுமந்து வரும் தந்தியும் உலகத்தில் உண்டு என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. என்ன கொடுத்து வைத்த நாடு என்று நினைத்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் லீவு. இரண்டரை மணிக்கு நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது, அவர் என் கையைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டார்.

எங்களில் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. நல்லதை மட்டும் எழுதுவோம். வேலை சுகம், வீடு வசதி, பேப்பர் இந்தா வருகிறது. நானும் அப்படி எழுதி எழுதிக் கை பழகினவள். வாயும் பழகிவிட்டது போலிருக்கிறது.

"வந்துவிட்டது" என்றேன். "உங்களைக் கூப்பிடுகிறார்கள்."

அன்பால் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் பாதி அன்பு, பாதி பஸ். அவர் என் முகத்தையே பார்த்தார். பழத்தைக் கம்பளியில் வைத்தார். எப்போது புறப்படவேண்டும் என்று கேட்டார். நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். ஒரு மனிதருடைய எழுபது வருடக் காத்திருப்பை முடித்துவைத்த பெருமையில், பஸ்ஸில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து இருந்த வீட்டில் எனக்கு ஒரு அறை. போய்ச் சேர்ந்து, கை கழுவிச் சோற்றில் கை வைத்தேன். டெலிபோன் அடித்தது. சிஞ்ஞோரா. கொஞ்சம் கண் அயர்ந்தாராம், எழுந்து பார்த்தால் நாற்காலி காலி. கதவு திறந்து கிடக்கிறது. தொப்பியும் ஊன்றுகோலும் இல்லை.

நான் சொன்ன பொய்யை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "நான் தேடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எங்கே தேடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய அணி கூப்பிட்டால் ஒருவன் எங்கே போவான்? ரயிலுக்குத்தான்.

நிலையத்தில் ஒவ்வொரு மேடையாக ஓடினேன். தொப்பி போட்ட கிழவர்களுக்குப் பலெர்மோவில் பஞ்சமா? ஒரு பெட்டியின் சன்னலோரத்தில் அதே சாம்பல் நிறத் தொப்பி, அதே கூன். ஏறி உள்ளே ஓடினேன். அவர் வேறு யாரோ. என்னைத் திருடி என்று நினைத்துப் பையை இறுக்கிப் பிடித்தார். நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்பமுன்னம் ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த ஊரான பகேரியாவுக்குப் போகிற ரயில்.

அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள், நடுவில் சாய்ந்த வெயில். எல்லாம் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நித்திரையில் நடக்கிறவள் மாதிரி நின்றேன். அவர் இப்படித்தானே ஊர் ஊராகப் போயிருப்பார் என்று தோன்றியது. சன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட பையன் ஒருவன் இருப்பது போலவும், அவன் என்னிடம் ஏதோ கேட்கப்போவது போலவும் இருந்தது. கர்த்தரே, வாகனத்தில் அடிபட்டுக் கிடக்காமல் அவரைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பேப்பர் போனாலும் போகட்டும் என்று அப்போது நினைத்தது உண்மை. இப்படி நினைப்பேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பகேரியாவில் இறங்கிப் பொதுத் தொலைபேசியில் வீட்டுக்கு அடித்தேன். சிஞ்ஞோரா அழுதுகொண்டிருந்தார். ஆள் அகப்பட்டுவிட்டாராம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள வெறும் நிலத்தில், உன்னுடைய ஆட்களோடு இருக்கிறார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், ஆங்கிலத்தில் எதையோ திருப்பித் திருப்பிச் சொல்கிறார், உனக்கு அடிக்கத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன், நீ வா என்றார்.

அந்த நிலத்தில் வியாழக்கிழமைதோறும் எங்கள் பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். பாதிரியார் அனுமதித்திருந்தார். மட்டையில் பந்து படுகிற சத்தம் முதியவரின் பின்பக்கப் பல்கனிவரை கேட்கும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். நான் என்னடா என்றால் ஊர் தாண்டித் தேடுகிறேன்.

திரும்பி வந்து சேர வெயில் இறங்கிவிட்டது. முதியவர் கவிழ்த்து வைத்த பழப்பெட்டியில் இருந்தார். தோளில் யாரோ தங்கள் சுவெட்டரைப் போர்த்தியிருந்தார்கள். கையில் டென்னிஸ் பந்து. சிஞ்ஞோரா பக்கத்தில் மண்ணில் முழங்காலிட்டிருந்தார். விளையாட வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். எங்கள் பக்கத்து அறையில் இருக்கும் அண்ணன் என்னிடம் ஓடி வந்தார். முதியவரை நான் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்திருந்ததால் அவருக்கு ஆளைத் தெரியும். பாதிரியாரின் போனிலிருந்து வீட்டுக்குச் சொன்னதும் அவர்தான்.

"பயப்பிடாதை தங்கச்சி, ஆளுக்கு ஒண்டுமில்லை" என்றார். "மூண்டு மணி போல வந்தவர். பந்தைக் கேட்டார், குடுத்தம். எறிஞ்சவர். பாதித் தூரம் கூடப் போகேல்லை. எடுத்துக் குடுக்கக் குடுக்கத் திரும்பவும் எறியிறார். கை நோகுதெண்டு முகத்திலை தெரியுது. நிப்பாட்டுங்கோ எண்டாலும் கேக்கிறார் இல்லை."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

"என்னத்தைச் சொல்ல? முழங்கை மடக்கி எறிஞ்சால் எங்கடை ஆட்டத்திலை அது செல்லாத பந்து. ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மட்டை பிடிச்சவன் ஒவ்வொரு பந்துக்கும் குனிஞ்சு நிண்டவன்."

நான் முதியவரின் முன்னால் குந்தினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையால் என் கையைப் பிடித்தார்; வலது கை பந்தோடு மடியில் கிடந்தது.

"கை போய்விட்டது" என்றார். "அவர்களுக்குச் சொல்லு. நான் வரவில்லை என்று சொல்லு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தந்தி எதுவும் வரவில்லை, நான் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன்.

அவர் மறுத்துத் தலையாட்டினார். இல்லை, வந்தது என்றார். ஐந்தாம் கோடையில், ஒரே நாளில் இரண்டு ஆட்டத்துக்கும் அவரையே எறியச் சொன்னார்களாம். இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் முழங்கைக்குள் ஏதோ அறுந்ததாம். யாருக்கும் சொல்லாமல் தைலம் தேய்த்து மறைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய அணியின் தந்தி வந்தது. போனால் கை போன கதை முதல் பந்திலேயே தெரிந்துவிடும். தந்தியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர்த் திசைக்குப் போகிற ரயிலில் ஏறி, கப்பல் பிடித்து இங்கே வந்துவிட்டார். வீட்டில் கேட்டவர்களுக்கு, என்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னார். தந்திக்கு அவர் பதில் போடவில்லை. "எனக்காக ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள்" என்றார். "எத்தனை நாள் பார்த்துக்கொண்டு இருந்தார்களோ."

ஒவ்வொரு மத்தியானமும் அவர் விட்டது ஏமாற்றப் பெருமூச்சு அல்ல. பதில் போடாதவனைக் கேட்டு வரும் தந்தி இன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் தப்பினேன் என்ற மூச்சு. தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டு வீட்டுக்குள் ஒளித்த ஊரிலிருந்து வந்தவள் நான். அந்த மூச்சைக் கேட்டவுடனே தெரிந்திருக்கவேண்டும். நல்ல செய்தி கொண்டுவந்தவள் என்று பெருமைப்பட்டு, தொண்ணூறு வயது மனிதரை நடுங்க நடுங்கத் தெருவுக்குத் துரத்தியிருக்கிறேன். கை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார்.

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யை முதலில் சொன்னேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒப்பந்தத் தாள் கண் முன்னால் கிழிவது போல இருந்தது. சிஞ்ஞோரா தன் அப்பாவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பள்ளிப் பிள்ளையின் காயத்தைப் பார்ப்பது போல, சட்டையை மடித்து மேலே தள்ளித் தடவினார். "அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம்" என்று இத்தாலியனில் சொன்னார். அது முதியவருக்கு விளங்கியதோ தெரியாது. மகளின் தலையில் கையை வைத்தார்.

பதில் எழுதுவோமா என்று முதியவரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்தார். அண்ணன் ஓட்டங்கள் குறித்த கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். நான் ஆங்கிலத்தில் நீளமாக எழுதிப் படித்துக் காட்டினேன். தந்திக்கு இது அதிகம் என்று அவர் வெட்டச் சொன்னார். வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இவ்வளவுதான்: கை பழுது. வரமாட்டேன். காத்திருக்கவேண்டாம். மன்னிக்கவும். கீழே தன்னுடைய நீண்ட சிசிலியப் பெயரை முழுதாக எழுதினார். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. ஆட்டம் இன்னும் நின்றபடியே இருந்தது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை சிஞ்ஞோரா என்னையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். அணியின் பெயரையும் நகரத்தின் பெயரையும் நான் படிவத்தில் எழுதினேன். தெருவும் இலக்கமும் இல்லாமல் எப்படி அம்மா என்று கவுண்டரில் இருந்தவர் முணுமுணுத்தார். சிஞ்ஞோரா கணக்கு டீச்சர் குரலில், "அனுப்புங்கள்" என்றார். அது எங்கே போய்ச் சேர்ந்ததோ, யார் கையில் கிடைத்ததோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. படியிறங்கும்போது சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பி, "இனி என் அப்பாவிடம் உண்மையை மட்டும் சொல். என்னிடமும்" என்றார். அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் கதவுகளைச் சாத்திவிட்டு, "தந்தி அனுப்பிவிட்டோம்" என்று முதியவரிடம் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து உண்மையாக அவருக்கு நான் சொன்ன நல்ல செய்தி அது. அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். வெளிச்சக் கோடுகள் அவருடைய மடியில் விழுந்தன. கையிலிருந்த பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோலை உரித்து, பாதியை எனக்குத் தந்து, மீதியைச் சுளை சுளையாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். நான் அங்கே இருந்த காலத்தில் மத்தியானத்தில் அவர் தூங்கினதை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். அடுத்த மாரிக்கு முன்னம், அப்படியொரு மத்தியானத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். அதுவரை அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆசையோடு காத்திருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயத்தோடும் ஒரு மனிதர் எழுபது வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, யாரையும் தேற்ற வாய் திறக்கும்போது, அவருக்கு வேண்டியது என்னவென்று கேட்காமல் எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் வருவதில்லை.